நான் பாஸ் செய்த செடி

மண்ணரை, திருப்பூர்
27 ஜூலை 2025

அன்புள்ள முத்துப்பேச்சி அக்காவுக்கு,

செக்கிங் செக்‌ஷன் விஜயராணி எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் போன் மே மாதத்திலிருந்து அணைந்தே கிடக்கிறது. ஆபீஸ் அபிராமியிடம் நான்கு நாள் கெஞ்சி, உங்கள் ஆதார் நகலில் இருந்த சங்கரன்கோவில் விலாசத்தை வாங்கினேன். கடிதம் எழுதிப் பதினைந்து வருடம் ஆகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுதி மெஸ்ஸுக்கு இப்போது வெளியிலிருந்து டிரம்மில் சாம்பார் வருகிறது. அதில் காயைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு செக்கரைப் போட வேண்டும். ஒடிசாப் பிள்ளை ஆஷா தட்டை வாங்கும்போதெல்லாம் “மௌசி கப் ஆயேகி?” என்று என்னைக் கேட்கிறாள். பெரியம்மா எப்போது வருவார் என்று அர்த்தமாம். எனக்குத் தெரியாது என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

நடந்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். நீங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தது வேறு, வரிசையில் நின்றவள் பார்த்தது வேறு. மே ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் கீரை கடைந்து போட்டீர்கள். வேலை முடியும் முன்பே பதினோரு பேர் வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள். அந்த மறுநாள் காலையில்தான் பஞ்சிங் மிஷின் பக்கத்தில் எல்லோரையும் நிறுத்தி, மானேஜர் கதிர்வேல் உங்களை முன்னால் கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கையில ஆக்குனா வாந்தி வராம என்னங்க வரும்” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். இருபது வருடம் அடுப்பில் நின்ற கை. நகத்தில் மஞ்சள் கறை இல்லாமல் என்ன இருக்கும்? மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

வரிசையில் நான் நாலாவது ஆள். என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு முதலாளி வீட்டுக் குலதெய்வத்துக்குக் கிடா விருந்து. அவிநாசிபாளையத்துத் தோட்டத்துக்கு எங்களையெல்லாம் வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவத் தென்னந்தோப்பு வாய்க்காலுக்குப் போனேன். ஓரமாக ஈரத்தில் ஒரு செடி படர்ந்து கிடந்தது. மஞ்சள் பூ, நம் கம்பெனி காம்பவுண்டில் இருக்கிற அதே மாதிரி பூ. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆத்தப்பன் அண்ணனிடம், கம்பெனியிலும் இது நிறைய இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். “அது வேறங்க. இதானுங்க மஞ்சக் கரிசலாங்கண்ணி. அங்க இருக்கறது அழகுக்கு வெக்கறதுங்க. எங்க எருமைகூட அதுல வாய் வெக்காதுங்க” என்றார்.

குனிந்து ஓர் இலையைக் கிள்ளினேன் அக்கா. நீளமாக, ஒடுங்கி, தடவினால் சொரசொரப்பாக இருந்தது. நம் காம்பவுண்டு இலை அப்படியா? அது அகலம், வழவழப்பு, நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கும். தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் பஞ்ச் அடிக்கப் போகிறேன். ஒரு பீஸில் அரை இஞ்ச் தையல் விலகினால் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கீரையைக் கடைவதற்கு முந்தின நாள் டீ நேரத்தில் காம்பவுண்டிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கி வந்து, “ஏட்டி ராணி, நீ படிச்ச பிள்ள. பாத்துச் சொல்லு, இது கரிசலாங்கண்ணிதான?” என்றீர்கள். செடியை நட்ட நர்சரிக்காரர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் என்றும் சொன்னீர்கள். நான் பூவைப் பார்த்தேன். இலையைப் பார்க்கவில்லை. கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டே, “ஆமாக்கா, மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஈரலுக்கு நல்லது” என்று சொல்லிவிட்டேன். பி.எஸ்சி. தாவரவியல் இரண்டு வருடம் படித்து, அப்பா இறந்ததும் நிறுத்தியவள் நான். செக்‌ஷனில் என்னைப் ‘பாட்டனி’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். பத்து பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

தப்பு உங்கள் கையில் இல்லை, என் கண்ணில். இதை உங்களுக்கு மட்டும் எழுதினால் பாதி யோக்கியம்தான். உங்களைக் கை நீட்ட வைத்த அதே இடத்தில், அதே ஆட்கள் கேட்க, இது சொல்லப்பட வேண்டும். சொல்ல வைப்பேன். அதற்கு முன் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும். இரண்டாவது முறையும் பார்க்காமல் ‘ஆமாம்’ சொல்ல மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

உங்கள்
விஜயராணி


மண்ணரை
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. திரும்பி வரவில்லை, அதனால் கிடைத்தது என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கிழித்துப் போட்டிருந்தாலும் நான் எழுதத்தான் போகிறேன்.

ஒரு நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போனேன். அங்கே ஒரு கல்லூரியில் செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, பீரோ பீரோவாக அடுக்கியிருக்கிறார்கள். மோனிஷா என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. பனியன் கம்பெனிக்காரி பழைய பேப்பரில் இரண்டு கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று அந்தப் பெண் நினைக்கவில்லை. உட்கார வைத்து, லென்ஸ் கொடுத்து, இரண்டையும் பிரித்துக் காட்டினாள்.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். அதில் ஒரே பேரினம், அதாவது அக்கா தங்கை மாதிரி. நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே இல்லை அக்கா. சுற்றி இதழ் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நடுவில் பொட்டு மாதிரி இருப்பது குட்டிக் குழல் குழலாக இன்னும் எத்தனையோ பூக்கள். காலேஜில் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். லென்ஸில் பார்த்தபோதுதான், படித்தது ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது.

தோட்டத்துச் செடி நம் பக்கத்தது. ஈரமான வரப்பிலும் வாய்க்காலிலும் அதுபாட்டுக்கு இருக்கும். காம்பவுண்டுச் செடி அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. விதையைவிடத் தண்டால்தான் பரவுகிறதாம். கணுவுக்குக் கணு வேர்விடும். வெட்டிப் போட்ட துண்டும் மண்ணைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும். நாம் என்ன செய்தோம்? மாதாமாதம் வெட்டி ஓடையில் கொட்டினோம். வரும் வழியில் ஓடையைப் போய்ப் பார்த்தேன். கரை முழுக்க மஞ்சள் பூ. வேறு ஒரு புல்லையும் காணோம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாந்தி அந்தச் செடியால்தான் வந்தது என்று மோனிஷா சொல்லவில்லை. இது சமையலுக்கான செடி இல்லை, சாப்பிட்டிருக்கக் கூடாது, ஆனால் செடியா, அதன்மேல் யாராவது தெளித்த மருந்தா என்று தான் சொல்ல முடியாது என்றாள். எனக்கும் தெரியாததைத் தெரியும் என்று சொல்கிற வியாதி இப்போது இல்லை. நாம் நினைத்த செடி அது இல்லை, இது மட்டும் நிச்சயம்.

மறுநாளே முதலாளி திருமூர்த்தி சாரைப் பார்த்தேன். இரண்டு இலைகளையும் அவர் மேஜையில் வைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “முடிஞ்சு போனத எதுக்கு அம்மிணி இப்பக் கிளறிட்டு? அடுத்த மாசம் கம்பெனியப் பாக்க பையர் ஆடிட் வருதுங்க. நீங்க போய் வேலையப் பாருங்க” என்றார். முடிந்து போனது உங்களுக்குத்தான் சார், அந்த அக்காவுக்கு முடியவில்லை என்றேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

அடுத்த நாள் கதிர்வேல் என்னைச் செக்கிங் மேஜையிலிருந்து எடுத்துப் பிசிர் வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார். எட்டு வருடம் செக்கராக இருந்தவளை நூல் வெட்ட வைத்தால் அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் நூல் வெட்டும்போது வாய் சும்மாதானே இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இலையைச் சொன்னேன், என் டீ கிளாஸைச் சொன்னேன். இரண்டு நாளில் மாடி வரைக்கும் போய்விட்டது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பூஜைக்கு முதலாளி வீட்டம்மா சாரதாமணி வந்திருந்தார். நான் ‘ஆமாம்’ சொன்ன அன்று சாயங்காலமே டிரைவர் அவர் வீட்டுக்கும் அதே காம்பவுண்டுப் பாத்தியில் பறித்துப் போனது எனக்குத் தெரியும். ஈரலுக்கு நல்லது என்று நான் சொன்னது அங்கே வரைக்கும் போயிருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் சமையல்காரம்மா அரைத்துத் தோசை மாவில் கலந்த பிறகுதான் அவர் பார்த்தாராம். இனிமேல் அதைப் பறிக்க வேண்டாம் என்று இரண்டு இலையையும் காட்டினேன். வாங்கித் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இலையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அன்னிக்கு எங்க ஊட்லயும் அந்தத் தோசைதானுங்க. நான் சாப்பிடல. இவருக்குச் சாயங்காலத்துக்குள்ள ரெண்டு தடவ வாந்திங்க. வெயிலுக்கு ஆகலைன்னு சொன்னாருங்க” என்றார்.

புரிகிறதா அக்கா? அதே பாத்திக் கீரை. வேறு அடுப்பு, வேறு சட்டி, வேறு கை. அங்கேயும் வாந்தி. உங்கள் அடுப்படியில் ஒரு குற்றமும் இல்லை. அது மே மாதமே ஒருவருக்குத் தெரியும்.

நான் விடப்போவதில்லை. உங்களுக்கு இது பிடிக்கிறதோ இல்லையோ, இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்த கடிதம்.

விஜயராணி


மண்ணரை
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னபடி முடித்துவிட்டு எழுதுகிறேன். விரல் நகமெல்லாம் மண். இந்தக் கையை மானேஜர் பார்த்தால் நான்கு பேருக்குக் காய்ச்சல் வரும் என்பார்.

சாரதாமணி அம்மா சொன்ன பிறகு மறுபடியும் முதலாளியிடம் போனேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். இந்த முறை போனை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தனக்கும் வாந்தி வந்ததும் சந்தேகப்பட்டதாகவும், ஆனால் காலையில் தான் வருவதற்குள் கதிர்வேல் எல்லோர் முன்னாலும் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். “சொன்னத நாமளே திருப்பி வாங்குனா நாளைக்கு யாருங்க மதிப்பாங்க?” என்று என்னையே கேட்டார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதை வாயால் சொன்னால் எடுபடாது என்று பட்டது.

செக்கிங் மேஜையில் நாம் என்ன செய்வோம்? பீஸில் ஓட்டையோ கறையோ தையல் விலகலோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அது ஆல்டர் பீஸ். யார் தைத்தாரோ அவரிடமே திரும்பிப் போகும், அவரே பிரித்துத் தைக்க வேண்டும். முதலாளியாக இருந்தாலும் அம்பு ஒட்டிய பீஸைப் பெட்டியில் போட முடியாது. திருப்பூரில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

கடையில் பத்து ரோல் அம்பு ஸ்டிக்கர் வாங்கினேன். கம்பெனி ஸ்டிக்கரைத் தொடவில்லை, திருட்டுப் பட்டம் வேண்டாம். ஆடிட் செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை. அன்று செய்தால் காரியம் நடக்கும் என்று சகாயராஜ் சொன்னான், அயர்ன் மாஸ்டர், உங்களுக்குத் தெரியும். நான் மாட்டேன் என்றேன். வெளியாள் முன்னால் செய்தால் அது மிரட்டல். எனக்கு மிரட்ட வேண்டாம், ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் வியாழக்கிழமை, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய், பாத்தியில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையிலும் மூன்றாகப் பிரிந்த அந்த நுனியைக் காட்டி ஒட்ட ஆரம்பித்தேன். தனியாகத்தான் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிஷம் ஆஷா வந்து ஒரு ரோலைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் என் பழைய மேஜைப் பிள்ளைகள். அப்புறம் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர். பஞ்ச் அடிக்கிற நேரத்துக்குக் காம்பவுண்டு ஓரம் முழுக்கச் சிவப்பு அம்பு.

முதலாளி கார் உள்ளே வந்தது. இறங்கி நின்று பார்த்தார். கதிர்வேல் ஓடிவந்து யாருடைய வேலை இது என்று சத்தம் போட்டார். நான் எழுந்து, ஆல்டர் சார், நான் பாஸ் செய்த பீஸ், நானே ஆல்டர் போடுகிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. முதலாளி ஒரு செடி முன்னால் குனிந்து, ஓர் இலையைக் கிள்ளி, அம்போடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நேராகப் பஞ்சிங் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “முத்துப்பேச்சி அம்மா சமையல்ல ஒரு குத்தமும் இல்லீங்க. அன்னிக்கு எனக்கும்தான் வாந்தி. அது தெரிஞ்சும் நான் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னுதுங்க.” அவ்வளவுதான். அபிராமி அதை இந்தியில் சொன்னாள். கதிர்வேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதிரித் தரையை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் அவரை அதிகமாகத் திட்ட மனசு வரவில்லை. கொஞ்சம் திட்டினேன், மனசுக்குள்.

அவர் முடித்ததும் நான் முன்னால் போனேன். நீங்கள் நின்ற டைல்ஸ் எனக்குத் தெரியும், ஓரம் உடைந்தது. அதன்மேல் நின்று என் இரண்டு கைகளையும் நீட்டினேன். இலையைப் பார்க்காமல் அக்காவிடம் ‘ஆமாம்’ சொன்னது நான்தான், அக்காவைக் கை நீட்ட வைத்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான் என்றேன். ஒன்று விடாமல் முழுவதும் சொன்னேன். இனிமேல் என்னைப் பாட்டனி என்று கூப்பிடாதீர்கள் என்றும் சொன்னேன். உடனே பின்னாலிருந்து யாரோ “சரிங்க பாட்டனி” என்றார்கள். அந்தப் பயல் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் பாத்தி முழுவதையும் பிடுங்கினோம். ஆடிட்காரர்கள் வெறும் மண்ணைத்தான் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லையாம். வேரை விட்டால் வரும், தண்டை விட்டால் வரும், அதனால் ஒரு துண்டு விடாமல் சாக்கில் கட்டி மொட்டைமாடி சிமெண்டில் காயப்போட்டிருக்கிறோம். ஓடைக்கரையை இன்று தொடங்கினோம். ஒரு வருடம் ஆகலாம். ஞாயிறு ஞாயிறாகப் போவேன். நாம் கொட்டியதை நாம்தான் அள்ள வேண்டும்.

என்னைச் செக்கிங்குக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். போயிருக்கிறேன். உங்கள் வேலையும் அப்படியே இருக்கிறது என்று முதலாளி உங்களுக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னார். எழுதாவிட்டால் நான் கேட்பேன். நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மெஸ்ஸில் சாம்பார் இன்னும் டிரம்மில்தான் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆத்தப்பன் அண்ணன் வாய்க்கால் ஓரத்துச் செடியில் நான்கு கொடி கொண்டுவந்து கொடுத்தார். பழைய பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். இன்னும் நடவில்லை. எல்லோரும் ஏன் என்று கேட்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு இலைகள் வைத்திருக்கிறேன். செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்தவை, பிரிக்கும்போது பார்த்து. ஒன்று வாய்க்காலில் எடுத்தது, ஒன்று காம்பவுண்டில். எது எது என்று எழுதவில்லை. என் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்றும், ஒரே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரும் உள்ளே இருக்கின்றன. பதில் எழுத உங்களுக்கு மனமில்லை என்றால் எழுத வேண்டாம். தப்பான இலையை எடுத்து, தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அம்பை ஒட்டி, எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் அக்கா. இந்த முறை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அது வந்த பிறகு நடுகிறேன்.

தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கும்,
உங்கள் ராணி